டேட்டா அனலிடிக்ஸ் ஒரு பக்கம், பிரின்டர் ரிப்பேர் இன்னொரு பக்கம்: தொழிற்சாலை ஐ.டி வேலை ஏன் முக்கியம்?

2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 அசெம்பிளி ஆலைகளும் நின்றுபோயின. வேலைநிறுத்தம் இல்லை, ஹேக்கர்களும் இல்லை. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்! இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்புப் பணியில், டேட்டாவை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது இடம் போதாமல் போனது. மாற்று சர்வரும் அதே சிஸ்டத்தில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. கொள்ளளவு அதிகமுள்ள சர்வருக்கு டேட்டாவை மாற்றிய பிறகே, மறுநாள் கார்கள் வெளியே வந்தன.

ஐ.டி என்றாலே நமக்கு ஓ.எம்.ஆர் கண்ணாடிக் கட்டடம்தான் ஞாபகம் வரும். ஆனால் ஒரகடம், ஓசூர், கோவை ஆலைகளுக்குள்ளும் ஒரு ஐ.டி அறை இருக்கும். பார்கோடு லேபிள் பிரின்டர் மக்கர் பண்ணினால் அங்கேதான் போன் வரும். லேபிள் ஒட்டாத பெட்டியை லாரியில் ஏற்ற முடியாது என்பதால், அது சும்மா பிரின்டர் பிரச்னை இல்லை. மெஷினோடு வந்த பழைய கம்ப்யூட்டர் இன்னொரு தலைவலி. அதில் ஓடும் சாஃப்ட்வேர் புது விண்டோஸில் வேலை செய்யாது. மாற்றவும் முடியாது, அப்படியே விடவும் பயம்.

நடுத்தர ஆலைகளில் பல சமயம் இதே ஆள்தான் மதியம் உட்கார்ந்து உற்பத்தி ரிப்போர்ட்டும் தயார் செய்கிறார். அந்த ரிப்போர்ட்டின் ஹீரோ ஓ.இ.இ என்கிற எண். மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு வேகத்தில் ஓடியது, எத்தனை பொருள் தரமாக வந்தது ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவது. 450 நிமிடம் ஓட வேண்டிய மெஷின் 45 நிமிடம் நின்றால் முதல் கணக்கு 90%. வேகம் 95%, தரம் 99% என்றால் ஓ.இ.இ சுமார் 84.6%. 85 இருந்தாலே உலகத் தரம் என்பார்கள்.

சரி, அந்த 45 நிமிடம் ஏன் நின்றது? ஆபரேட்டர் திரையில் ஒரு காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும். லிஸ்ட்டில் 40 காரணம் இருந்தால், கையில் கிளவுஸோடு நிற்பவர் எதை அழுத்துவார்? ‘மற்றவை’தான். மாதக் கடைசியில் டேஷ்போர்டில் பெரிய பட்டையாக ‘மற்றவை’ நிற்கும். மீட்டிங்கில் எல்லாரும் அதை முறைத்துப் பார்ப்பார்கள்.

இதைவிட மோசமானது கடிகாரம். மெஷின் கம்ப்யூட்டரின் நேரம் சர்வரைவிட 10 நிமிடம் முந்தியிருந்தால், ‘ஏ’ ஷிஃப்ட்டின் கடைசியில் வந்த பிரேக்டவுன் ‘பி’ ஷிஃப்ட் தலையில் விழும். திட்டு வாங்குவதும், இன்சென்டிவ் இழப்பதும் சம்பந்தமே இல்லாத தொழிலாளி. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் போடுபவருக்கு இது தெரியவே தெரியாது. மெஷின் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்த சப்போர்ட் ஆள்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஆனால் நிறுவனங்கள் செய்வது என்ன? சப்போர்ட்டை ஏஜென்சி மூலம் கான்ட்ராக்ட்டில் எடுக்கிறார்கள். அனலிடிக்ஸ் டீமுக்குத் தனி அறை, தனிச் சம்பளம். ஒரு வருடத்தில் அந்த கான்ட்ராக்ட் ஆள் கிளம்பினால், எந்த சென்சார் பொய் சொல்லும், எந்த லைனில் எண்ணிக்கை இரண்டு முறை பதிவாகும் என்கிற விவரமும் அவரோடு போய்விடும். மிச்சப்படுத்தியதாக நினைக்கும் பணத்தைத் தப்பான ரிப்போர்ட்டில் இழக்கிறார்கள். சப்போர்ட் ஆட்களை நிரந்தரமாக்கி, அனலிடிக்ஸுக்குப் போகும் வழியை அவர்களுக்குத்தான் முதலில் திறக்க வேண்டும்.

எஸ்.க்யூ.எல், பவர் பி.ஐ படித்துவிட்டு ‘சப்போர்ட் வேலையா?’ என்று தயங்கும் இளைஞர்களே, தாராளமாகச் சேருங்கள். ஆனால் ரிப்போர்ட் வேலையும் தருவார்களா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே அனலிஸ்ட்டாக இருப்பவர்கள் ஒரு நைட் ஷிஃப்ட் முழுக்க லைனில் நின்று, ஆபரேட்டர் ‘மற்றவை’யை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ‘என்னண்ணே ஆச்சு?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு வரலாம்.