போட்டோவில் ஐயர் எங்கே?

விசா பற்றியெல்லாம் நம் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று ஒரு தோழர் கேட்டார். பஞ்சமி நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று எழுத ஆயிரம் கிடக்கும்போது, வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டு பாஸ்போர்ட்டோடு காத்திருக்கிற ஒரு வங்கி எழுத்தரின் கவலை இயக்கத்துக்கு எதற்கு என்பது அவர் வாதம். "வேற சாதியில கட்டினா சாதி ஒழிப்பு. வேற தேசத்துல கட்டினா தப்பிச்சி ஓடுறது" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார். சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. வாதத்தில்தான் வருத்தம்.

யார் யாரைக் கட்டலாம், கட்டியவர்கள் எங்கே சேர்ந்து வாழலாம் என்று முடிவு செய்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது? சாதிப் பிரச்சினையின் மையமே இந்தக் கேள்விதான். 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் இதைத்தான் நிறுவினார். சாதியின் உயிர்நாடி அகமணம். உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் சிறுமி மணமும் அந்த வேலியைக் காக்க வந்த ஏற்பாடுகள். வேலி என்றால் காவல்காரன் உண்டு. ஊரில் ஒரு காவல்காரன் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறான். தூதரகத்தில் ஒரு காவல்காரன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேர் கேட்கிற கேள்வியும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது?

என் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் இணையர் அமெரிக்கக் குடிமகன். கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரத்தில் செவிலியர். பெற்றோர் பிலிப்பைன்ஸிலிருந்து போனவர்கள். கவிதை வழியாகப் பழக்கம். அவர் லீவு போட்டு இங்கே வந்து, 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டோம். தாலி இல்லை, மேளம் இல்லை. மூன்று சாட்சி, இரண்டு மாலை, அப்புறம் பக்கத்துப் பிரியாணிக் கடை. அவர் திரும்பிப் போய் எனக்காக மனு போட்டார். ஃபாரங்கள், போலீஸ் சான்றிதழ், அவருடைய வருமானச் சான்று எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. இனி மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். இந்த நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறப் போகிறவர்களுக்கு அங்கேதான் நடக்கிறது. இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

கோப்பைச் சரிபார்க்க ஒரு ஏஜென்ட்டிடம் போனேன். ஆல்பத்தைப் புரட்டினார்.

"மேடம், போட்டோவுல ஐயர் எங்க?"

"ஐயர் கெடையாதுங்க."

"அக்னி?"

"கெடையாது."

"சொந்தக்காரங்க ஒரு அம்பது பேராவது?"

"வந்ததே பதினோரு பேரு."

அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. அடுத்த தடவை சார் வரும்போது சின்ன மண்டபமாப் பார்த்து, ஐயர் வச்சி, ஹோமம் வளர்த்து, இன்னொரு தரம் கல்யாணம் பண்ணிப் போட்டோ எடுத்துக்குங்க மேடம் என்றார். அதற்கு ஒரே ரேட்டாக ஆள் இருக்கிறதாம். சட்டப்படி நடந்த கல்யாணம் சந்தேகமாம், போட்டோவுக்காக நடிக்கிற கல்யாணம் உண்மையாம். எழுந்து வந்துவிட்டேன்.

அமெரிக்கச் சட்டத்தில் ஐயர் கிடையாது. ஏஜென்ட்டுக்கும் அது தெரியும். குடியுரிமைக்காகச் செய்த போலிக் கல்யாணமா என்று அதிகாரி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உண்மைக்கு அடையாளம் எது? கூட்டம், சொந்தபந்தம், சடங்கு, நகை என்றால் அதெல்லாம் சாதிக்குள்ளே நடக்கிற கல்யாணத்தின் அடையாளம். சாதியை மீறிக் கட்டியவர்கள் கல்யாணத்துக்குச் சொந்தம் மொய்க் கவரோடு வருமா? உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் சங்கரைத் தேடி அரிவாள்தான் வந்தது. அந்தக் கல்யாண ஆல்பத்தில் ஐம்பது பேர் எங்கே என்று கேட்பது எப்பேர்ப்பட்ட கேள்வி!

இந்தக் கேள்வியை வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கவில்லை. சுயமரியாதைத் திருமணத்தில் அக்னியும் சப்தபதியும் இல்லை, ஆகவே அது திருமணமே அல்ல என்று 1950-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மேடையேறி மாலை மாற்றிப் பிள்ளை பெற்று வாழ்ந்தவர்களை ஒரே தீர்ப்பில் கல்யாணம் ஆகாதவர்களாக்கியது. 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டத் திருத்தம் வந்துதான் அந்தக் கல்யாணங்கள் உயிர் பெற்றன. கனடாவுக்கு வாருங்கள். குடியேற்ற அதிகாரிகளுக்கான பயிற்சிக் கையேடு ஒன்று 2015-ல் வெளியே வந்து நாறியது. போட்டோவில் உதட்டோடு உதடு முத்தம் இல்லையா, சின்ன ஓட்டலில் விருந்தா, வைர மோதிரம் இல்லையா, சந்தேகப்படு என்று அதில் இருந்தது. எங்கள் பிரியாணிக் கடை அந்தக் கணக்கில் தேறாது. நம் ஊரில் ஐயர், அங்கே முத்தம். இரண்டும் பஞ்சாங்கம்தான்.

பெண் உடம்பு என்றால் இந்தப் பஞ்சாங்கம் இன்னும் கீழே இறங்கும். 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், கல்யாணம் செய்துகொள்ள வந்த ஓர் இந்தியப் பெண்ணை, கன்னியா இல்லையா என்று பரிசோதித்தார்கள். பொய் சொல்லி வருகிறாளா என்று பார்த்தார்களாம். கன்னித் தன்மையை வைத்து உண்மையை அளக்கிற புத்தி மனுவுக்கு மட்டுமே சொந்தம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

நான் கவுண்டரில் உட்காருகிறவள். ஒரு செக்கைத் திருப்ப வேண்டுமானால் காரணம் எழுதித் திருப்ப வேண்டும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, கணக்கில் பணம் இல்லை, எதுவோ ஒன்று. ஐந்நூறு ரூபாய்ச் செக்குக்கே அந்த மரியாதை உண்டு. ஒரு குடும்பத்தைத் திருப்புவதற்கு அந்த மரியாதை இல்லை. சான்ட்ரா முனோஸ் என்கிற அமெரிக்கப் பெண்ணின் கணவர் எல் சால்வடார் நாட்டுக்காரர். 2015-ல் அவருக்கு விசா மறுத்தார்கள், தெளிவாகக் காரணம் சொல்லவில்லை. வழக்குப் போட்ட பிறகுதான் விஷயம் வந்தது: அவர் உடம்பில் குத்தியிருந்த பச்சையையும் பார்த்து, ஒரு ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவர் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அவரிடம் குற்றப் பதிவு ஒன்றும் கிடையாது. வெளிநாட்டுக் கணவனோ மனைவியோ நாட்டுக்குள் வர வேண்டும் என்று கேட்பது குடிமக்களின் அடிப்படை உரிமை அல்ல என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்துவிட்டது. பச்சையைப் பார்த்துக் குணம் சொல்கிறவனுக்கும் கைரேகை பார்க்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? கைரேகைக்காரன் சொன்னதை நாம் தட்டிவிட்டுப் போகலாம்.

காரணம் சொல்லாத அதிகாரம் இருக்கிற இடத்தில் சாமி வந்து உட்காரும். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் 'விசா பாலாஜி' இருக்கிறார். வேண்டிக்கொண்டு 11 சுற்று, கிடைத்துவிட்டால் 108 சுற்று. சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 'விசா பிள்ளையார்' இருக்கிறார். ஜலந்தர் பக்கம் ஒரு குருத்வாராவில் பொம்மை விமானம் காணிக்கை வைக்கிறார்கள். என் கிளையில் வேலை பார்க்கிற அக்கா ஒருவர், "உனக்கு நம்பிக்கை இல்லன்னா போ, பாஸ்போர்ட்டக் குடு, நான் வச்சி எடுத்தாறேன்" என்கிறார். இவர்களைப் பார்த்துச் சிரிப்பது பகுத்தறிவு ஆகாது. தகுதி என்ன, தள்ளுபடிக்குக் காரணம் என்ன என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தால் பிள்ளையாருக்குப் பாதிக் கூட்டம் குறையும். பயத்தைத் தயாரிக்கிறவனை விட்டுவிட்டு, பயப்படுகிறவளை மட்டும் கேலி பேசாதீர்கள்.

ஆனால் எல்லா மூட நம்பிக்கையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. என் மாமியார் வீட்டில் அண்ணன் தங்கை இரண்டு பேர் ஒரே வருஷத்தில் கல்யாணம் செய்தால் ஆகாது என்பார்கள். 'சுகோப்' என்று அதற்குப் பெயர். கல்யாணத்தன்று மழை பெய்யக் கூடாது என்று மணிலாவில் சாந்தா கிளாரா மடத்துக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கமும் உண்டு. முட்டை கொடுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை, கன்னியாஸ்திரிகள் சாப்பிடுவார்கள். ஜாதகம் அப்படியா? என் நட்சத்திரம் மூலம். 'பெண் மூலம் நிர்மூலம்', மாமனாருக்கு ஆகாது என்று சொந்தச் சாதியிலேயே நான்கு வரன் என்னைத் தள்ளிவிட்டுப் போனது. ஜப்பானில் நெருப்புக் குதிரை வருஷத்தில் பிறந்த பெண் புருஷனைத் தின்றுவிடுவாள் என்பார்கள். அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் வரும் அது. 1966-ல் வந்தபோது அந்த நாட்டில் பிறப்பு ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. அதே ஜப்பானில், தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்ட புராக்கு மக்கள் வாழும் ஊர்ப் பெயர்களைத் தொகுத்துக் கள்ளத்தனமாக விற்றது 1975-ல் அம்பலமானது. வேலைக்கு எடுக்கும்போதும் சம்பந்தம் பேசும்போதும் ஆளைத் துப்பறிய அந்தப் பட்டியல். ராசியும் பட்டியலும் சேர்ந்து செய்கிற வேலை ஒன்றுதான்: யாரை உள்ளே விடக் கூடாது என்று சொல்வது.

ஜோசியம் பார்ப்பான் சொத்தில்லை, நம்ம வள்ளுவர் சொத்துதான் என்று வாதாடுகிற தோழர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் சேரியிலும் வள்ளுவர்தான் நாள் பார்த்தார். விதைக்க, வீடு கட்ட, கல்யாணம் செய்ய அவரைத்தான் கேட்டார்கள். ஆனால் என் ஆயாவுக்குப் பிறந்த தேதியே கிடையாது. அம்மாவுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வாயில் வந்ததை எழுதி வைத்தார். தேதி இல்லாதவளுக்கு ஏது செவ்வாய் தோஷம்? எங்கள் வீட்டுக்கு மாதச் சம்பளம் வந்தது, பின்னாடியே ஜாதகம் வந்தது. படித்து வேலைக்குப் போன தலித் வீடுகளில் முதலில் நுழைகிற சாமான் ஃபிரிட்ஜ், இரண்டாவது சாமான் தோஷம். ஊர்க்காரன் நம்மைத் தள்ளி வைத்த அதே பொருத்தத்தை வைத்து நாம் நம் பெண்ணைத் தள்ளி வைக்கிறோம். அது யார் சொத்தாக இருந்தால் என்ன, எரிக்க வேண்டிய சொத்து.

இப்போது 'தப்பி ஓடுவது' பற்றிச் சொல்கிறேன் தோழர். நான் போகிற ஊர் சொர்க்கம் என்று எந்த மடையன் சொன்னான்? ஸ்டாக்டனுக்கு அதிக தூரமில்லாத வாட்சன்வில்லில் 1930 ஜனவரியில், பிலிப்பைன்ஸ் கூலிக்காரர்கள் வெள்ளைப் பெண்களோடு ஆடினார்கள் என்று கும்பல் சேர்ந்து நாள் கணக்கில் வேட்டையாடியது. பெர்மின் தோபேரா என்கிற 22 வயதுப் பண்ணைத் தொழிலாளி சுடப்பட்டுச் செத்தார். தர்மபுரியில் 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி மூன்று சேரிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்களே, அதே கோபம், அதே தர்மம். 1933-ல், வெள்ளைப் பெண்ணைக் கட்ட ஒரு பிலிப்பினோ நீதிமன்றத்தில் உரிமை பெற்றார். உடனே கலிபோர்னியா சட்டசபை சட்டத்தையே திருத்தி, 'மலாய் இனமும்' வெள்ளையரைக் கட்டக் கூடாது என்று சேர்த்தது. அந்தத் தடை விழுந்தது 1948-ல். நாடு முழுக்க விழுந்தது 1967-ல். அம்பேத்கர் அகமணத்தைப் பற்றி நியூயார்க்கில் உட்கார்ந்து எழுதிய காலத்தில் பல மாநிலங்களில் கலப்பு மணம் குற்றம்.

நம் நாட்டு மேல்சாதி அங்கே போய் என்ன செய்தது தெரியுமா? பகத் சிங் திந்த் என்பவர் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். நான் உயர்சாதி ஆரியன், எங்கள் ரத்தம் சாதிக் கட்டுப்பாட்டால் கலக்காமல் காக்கப்பட்டது, கல்யாண விஷயத்தில் அமெரிக்கன் நீக்ரோவை எப்படிப் பார்க்கிறானோ அப்படித்தான் நாங்கள் இந்தியப் பழங்குடியைப் பார்க்கிறோம் என்பது அவர் தரப்பு வாதம். நம்மைத் தொடாததையே தகுதிச் சான்றிதழாக நீட்டினார்கள். 1923-ல் நீதிமன்றம் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டது, அவர்கள் வெள்ளையர் இல்லை என்று சொல்லி. நூறு வருஷம் கழித்து, 2023-ல், சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருஷம் கலிபோர்னியா சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். ஆகவே தப்பித்து ஓட இடமில்லை தோழர். வேலி அங்கேயும் இருக்கிறது. நம் வேலையும் அங்கே இருக்கிறது.

இங்கே உள்ள வேலையை முதலில் சொல்கிறேன். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயரும் விலாசமும் அலுவலகச் சுவரில் ஒட்டப்படும், ஆட்சேபணை உள்ளவன் வரலாம். அரிவாள் வைத்திருக்கிறவனுக்கு அரசாங்கமே விலாசம் எழுதிக் கொடுக்கிறது. இந்த நோட்டீஸை ஒட்டுவது கட்டாயமில்லை, தம்பதிகள் விரும்பினால் போதும் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த விலக்கு ஒரு மாநிலத்தோடு நிற்கக் கூடாது. அந்த நோட்டீஸைச் சட்டத்திலிருந்தே கிழித்தெறியக் கேட்டு மாணவர்கள் தெருவுக்கு வர வேண்டும்.

மும்பைக்கு என் கோப்பு இருக்கிறபடியே போகும். 1948-ல் டெல்லியில் அம்பேத்கரும் பதிவுத் திருமணம்தான் செய்துகொண்டார், சாரஸ்வத பிராமணப் பெண்ணான டாக்டர் சாரதா கபீரை. எங்கள் கல்யாணப் போட்டோவில் பின்சுவரில் அவர் படம் இருக்கிறது. அதிகாரி யார் இவர் என்று கேட்டால் சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது.

உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பதிவுத் திருமணத்துக்கு மூன்று சாட்சி வேண்டும். சாதி மீறிக் கட்டுகிற பிள்ளைகள் பயந்துகொண்டு அலைவது முதலில் அந்த மூன்று கையெழுத்துக்குத்தான். சொந்தம் வராது, நண்பன் கடைசி நேரத்தில் போனை அணைத்து வைத்துவிடுவான். ஒவ்வொரு ஊரிலும் நம் தோழர்கள் மூன்று பேர் அடையாள அட்டையோடு தயாராக இருங்கள். நாள் நட்சத்திரம் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு அலுவலகம் திறக்கும் என்று மட்டும் கேளுங்கள்.