கோடாக் ஃபிலிம் வேற மாதிரி... ஆனாலும் போலராய்டிடம் தோற்றது ஏன்?

எடுத்த போட்டோ சில நிமிஷத்தில் கைக்கு வந்துவிடும் இன்ஸ்டன்ட் கேமரா ஞாபகம் இருக்கா? அதற்காக அமெரிக்காவில் போலராய்டும் கோடாக்கும் 15 வருஷம் மோதிக்கொண்டன. எக்ஸ்-ரே திரை, செல்போன் டிஸ்ப்ளே என எந்தப் பொருளின் காப்புரிமைச் சண்டையைப் புரிந்துகொள்ளவும் இந்த வழக்கு உதவும்.

1972ல் எஸ்எக்ஸ்-70 கேமராவைக் கொண்டுவந்தது போலராய்டு. 1976 ஏப்ரலில் கோடாக்கும் களமிறங்க, அதே மாதமே வழக்கு.

கோடாக் அப்படியே காப்பி அடிக்கவில்லை. போலராய்டு ஃபிலிமில் ஒளி படும் பக்கத்திலேயே படமும் தெரியும். கோடாக் ஃபிலிமில் ஒளி ஒரு பக்கம், படம் மறுபக்கம். சாயம் வெளிவரும் ரசாயன முறையும் வேறு. வக்கீல்களிடம் கேட்டுத்தான் இறங்கியது. அப்புறம் எப்படி மாட்டியது?

'கிளெய்ம்' என்றால் என்ன?

காப்புரிமை ஆவணத்தில் படம், சோதனை, விளக்கம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஆனால் உரிமை எதுவரை என்று சொல்வது, கடைசியில் எண் போட்டு வரும் சில வாக்கியங்கள்தான். அதுதான் கிளெய்ம். வீட்டுப் பத்திரத்தில் நாலு பக்க எல்லை எழுதுவோமே, அது மாதிரி.

உதாரணமாக, ஒளி உணரும் படலம், ஒளி ஊடுருவும் தாள், இரண்டுக்கும் நடுவே பரவும் ரசாயனம் என மூன்று அம்சங்களை ஒரு கிளெய்ம் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். போட்டியாளரின் ஃபிலிமில் இந்த மூன்றும் இருந்தால் அது மீறல். கூடவே பத்து புது விஷயம் சேர்த்திருந்தாலும் தப்ப முடியாது. மூன்றில் ஒன்று இல்லையென்றால் பெரும்பாலும் தப்பலாம். அதற்குப் பதிலாக வைத்த பொருள் அதே வேலையை அதே விதத்தில் செய்தால் அப்போதும் சிக்கல்தான்.

மொத்தத்தில் பார்க்க வேறு மாதிரி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சொல் சொல்லாகத்தான் ஒப்பிடுவார்கள்.

அதற்காக உரிமையாளர் சொற்களை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. ரொம்ப நீட்டினால், ஏற்கெனவே இருந்த பழைய கண்டுபிடிப்பும் அதற்குள் வந்துவிடும். அப்போது காப்புரிமையே செல்லாமல் போகும்.

தீர்ப்பு என்ன?

1985ல் நீதிபதி ரியா ஸோபல் தீர்ப்பளித்தார். ஃபிலிம், கேமரா தொடர்பான 7 காப்புரிமைகளை கோடாக் மீறியதாக முடிவானது. 1986 ஜனவரியில் கோடாக் இன்ஸ்டன்ட் தொழிலையே மூடியது. வேண்டுமென்றே செய்த மீறல் அல்ல என்று கோர்ட் சொன்னதால் இழப்பீடு மும்மடங்காகவில்லை. அப்படியும் 1991ல் 92.5 கோடி டாலர் கொடுத்துத்தான் சமரசம் ஆனது.

பாவம், வாங்கியவர்கள்தான். அதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான கேமராக்கள் விற்றிருந்தன. கேமரா கையில், போட ஃபிலிம் இல்லை. அவர்களுக்கு வேறொரு கேமரா, கூப்பன் அல்லது கோடாக் பங்கு ஒன்று தருவதாகச் சொன்னது கம்பெனி.