கம்ப்யூட்டர் படிப்பு: 13 கொடுத்துப் பாருங்கள்!

"காலேஜில் இன்னும் சி மொழியும் டேட்டா ஸ்ட்ரக்சரும்தான் நடத்துகிறார்கள் சார். வேலைக்கு ஆகிற மாதிரி எதுவும் சொல்லித் தருவதில்லையே?" கம்ப்யூட்டர் சயின்ஸில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இது. தனியார் சென்டரில் இன்னொரு கோர்ஸுக்கும் பணம் கட்டலாமா என்பதுதான் அவர்கள் கேட்க வருவது.

கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேலைக்கு ஆகிற சாப்ட்வேர் எது என்பது மாறிக்கொண்டே இருக்கும். 1998-ல் வந்த விசுவல் பேசிக் 6-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2008-ல் நிறுத்தியது. ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது.

அதற்காக, அடிப்படைப் பாடங்களை இப்போது நடத்தும் விதத்தை நான் ஆதரிக்கவில்லை. லேபில் ஃபேக்டோரியல் ப்ரோக்ராம் எழுதாத மாணவர் உண்டா? 5 கொடுத்தால் 120 வரும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. அதே ப்ரோக்ராமில் 8 கொடுத்துப் பார்க்க வேண்டும். பல கல்லூரிகளில் நெடுங்காலம் இருந்த டர்போ சி, 40,320 என்று சொல்லாமல் மைனஸ் 25,216 என்று காட்டும். அதில் 'இன்ட்' என்ற முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான். 32,767-க்கு மேல் அடங்காது.

இன்று நாம் பயன்படுத்தும் கம்பைலர்களில் 32 பிட். ஆகவே 12 வரை விடை சரியாக வரும். 13 கொடுத்தால் 1,93,20,53,504 என்று வரும். மைனஸ் இல்லை, எர்ரரும் இல்லை. பார்த்தால் சரி என்றே தோன்றும். உண்மையான விடை 6,22,70,20,800!

இது ஏன் என்று புரிந்துகொண்ட மாணவர், நாளை ஜாவாவில் எழுதிய ஒரு பில்லிங் ப்ரோக்ராமிலும் இதே தவறைப் பிடித்துவிடுவார். ஜாவாவின் 'இன்ட்'டும் 32 பிட்தான். பைத்தானில் இந்தச் சிக்கல் இல்லையே என்பீர்கள். வாஸ்தவம், எண் பெரிதாக ஆக அது இடத்தையும் கூட்டிக்கொள்ளும். ஆனால் அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று சொல்லும். ஏஐ எழுதித் தரும் ப்ரோக்ராமிலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொரு கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன், வீட்டுக் கம்ப்யூட்டரில் கோட்பிளாக்ஸ் இன்ஸ்டால் செய்து கொடுங்கள். இலவசம்தான். (கம்பைலரும் சேர்ந்து வரும் ஃபைலாகப் பார்த்து டவுன்லோட் செய்யவும், இல்லாவிட்டால் ப்ரோக்ராம் ஓடாது.) முதலில் 12, பிறகு 13 கொடுக்கச் சொல்லுங்கள். விடை ஏன் மாறியது என்று பிள்ளை உங்களுக்கு விளக்கட்டும்.