பையன்களுக்கு ஒரு மைதானம் கொடுங்கள்: ஆட்டோகிராஸ் கிளப் எப்படி வளரும்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் பந்தயம் விட்ட வண்டிகளைப் போலீஸார் மடக்கினார்கள் என்ற செய்தி சென்னைக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி, அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் சரிதான். ஆனால் பிடிபட்ட பையன், "அப்போ எங்கதான் சார் ஓட்டுறது?" என்று கேட்டால், கைகாட்ட ஓர் இடம் வேண்டாமா?

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருச் சுற்றில் இரவுப் பந்தயம் நடந்தது. அது உட்கார்ந்து பார்க்கிற விஷயம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் நல்ல பந்தயத் தடங்கள் இருக்கின்றன. ஆனால் மாதத் தவணை கட்டி வாங்கிய ஸ்விஃப்டை அங்கே முழு வேகத்தில் விரட்டினால் டயர், பிரேக் எல்லாம் என்ன பாடுபடும் என்று வீட்டில் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆட்டோகிராஸ்.

அது என்ன? காலியான ஒரு பெரிய தரையில் ஆரஞ்சு நிற கோன்களை வைத்து வளைந்து நெளிந்த ஒரு பாதை போடுவார்கள். கார்கள் பக்கத்துக்குப் பக்கம் மோதுவதில்லை. ஒவ்வொன்றாகப் போகும், போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். கோனைத் தட்டிவிட்டால் நேரத்தோடு 2 விநாடி கூடும். பாதையை விட்டு விலகினால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. வேகம் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டுவது அபூர்வம். ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் பிரேக் சரியாக இருக்கும் ஒரு காரும் போதும். இது அமெரிக்க முறை. இந்தியாவில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண் தரையில் புழுதி பறக்க ஓட்டுவதைத்தான் சொல்வார்கள். புதிதாக வருகிறவரின் சொந்தக் காருக்கு மண்ணைவிடத் தார்த் தரையே தோது.

இதில் கிளப் வளருமா வளராதா என்பதை முதலில் முடிவு செய்வது இடம். அமெரிக்காவில் இந்த விளையாட்டை நடத்தும் எஸ்சிசிஏ அமைப்பின் தேசியப் போட்டி 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில், பழைய விமானப்படைத் தளத்தின் கான்கிரீட் தரையில் நடக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் ஓட்ட வருகிறார்கள். உள்ளூர் கிளப்புகளோ வார இறுதியில் காலியாகக் கிடக்கும் பார்க்கிங் இடங்களை நம்பி இருக்கின்றன. அந்த நிலத்தை விற்றாலோ கட்டடம் எழும்பினாலோ கிளப் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அதனால் ஒரே இடத்தை நம்பும் கிளப், நல்லா ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் பேசி வைக்க வேண்டும்.

இடம் தேடும்போது பரப்பளவை மட்டும் பார்ப்பது புதுக் கிளப்புகள் செய்யும் தவறு. விளக்குக் கம்பம் நடுவில் நிற்கிறதா, கார் வழுக்கினால் ஓடி நிற்க வெற்றிடம் இருக்கிறதா, ஜல்லி பெயர்கிறதா, கழிப்பறை உண்டா, பக்கத்தில் ஆஸ்பத்திரியோ குடியிருப்போ இருக்கிறதா என்பதெல்லாம் அதைவிட முக்கியம். இடத்துக்காரர் பயப்படுவது இரண்டுக்குத்தான்: விபத்து, அக்கம்பக்கத்துப் புகார். காப்பீட்டுத் தாளோடும் சத்தத்துக்கு ஒரு வரம்போடும் போய் நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். சாயங்காலம் குப்பையைப் பொறுக்கிவிட்டுப் போகிற கிளப்பைத்தான் அடுத்த மாதமும் கூப்பிடுவார்கள்.

இடம் கிடைத்த பிறகு கிளப்பைக் கெடுப்பது காத்திருப்பு. ஒரு சின்னக் கணக்கு. 80 கார், ஆளுக்கு 6 ஓட்டம் என்றால் மொத்தம் 480 ஓட்டம். ஒரு கார் முடித்த பிறகே அடுத்தது கிளம்பினால், நிமிடத்துக்கு ஒன்று, 8 மணி நேரம். பாதையை நீளமாகவும் பார்வைக்குத் தெளிவாகவும் போட்டு, 30 விநாடிக்கு ஒரு காரை விட்டால் 4 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிட ஓட்டத்துக்காக நாள் முழுக்க வெயிலில் நின்றவர் மறுபடி வரமாட்டார். அதுவும் சித்திரை வெயிலில்!

கூலிக்கு ஆள் வைக்கவும் வேண்டாம். பாதிப் பேர் ஓட்டும்போது மீதிப் பேர் பாதையோரம் நின்று விழுந்த கோன்களை நிமிர்த்துவார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள். கட்டணம் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம். புதியவர்களும் இப்படித்தான் கூட்டத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். முதல் தடவை வருபவருக்குத் தனிப் பிரிவும், பக்கத்து சீட்டில் அனுபவசாலி ஒருவரும் அவசியம். ஆல்டோவையும் பிஎம்டபிள்யூவையும் ஒரே பட்டியலில் போட்டால் ஆல்டோக்காரர் எதற்கு வரப்போகிறார்? காரின் திறனுக்கு ஏற்ப நேரத்தைச் சரிக்கட்டும் பெருக்கல் எண்கள் அமெரிக்காவில் பல வருடங்களாகப் புழக்கத்தில் உள்ளன. இங்கேயும் அப்படி ஒன்று தயாரிக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான யோசனை இல்லை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை பந்தயம் நடத்தியது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில். இன்றும் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு செட்டிபாளையத்தில் மோதும் ஃபார்முலா பாரத் போட்டியில் ஆட்டோகிராஸ் ஒரு சுற்று. படிக்கும்போது ஓட்டுகிறவர்கள், படிப்பு முடிந்ததும் ஓட்ட இடமில்லாமல் நிற்கிறார்கள்.

உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று போர்க் காலத்து ஓடுதளங்கள் இன்னும் சில உண்டு. விமான நிலையமாகும் பேச்சு சிலவற்றைப் பற்றி அவ்வப்போது எழும், அடங்கும். அதுவரை அவற்றில் ஒன்றையாவது, தேசிய மோட்டார் விளையாட்டு அமைப்பின் அங்கீகாரமுள்ள ஒரு கிளப்புக்கு, ஆம்புலன்ஸும் காப்பீடும் கட்டாயம் என்ற நிபந்தனையோடு மாதம் ஒரு ஞாயிறு கொடுத்துப் பார்க்கலாம். பொறியியல் கல்லூரிகளின் பஸ் நிறுத்தும் மைதானங்களும் ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே கிடக்கின்றன? காலை 7 மணிக்கு கோன் வைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிடலாம். கோன் நின்ற இடத்தைக் குறித்த சாக்பீஸ் கோடு மட்டும் தரையில் இருக்கும். ஒரு மழையில் அதுவும் போய்விடும்.