திரை சும்மா இருந்தது



இம்மாதம் கணனிப் பாடம். மௌலவிக்கு ஏன் இந்த வேலை என்று முகம் சுளிக்க வேண்டாம். வீட்டில் கணனி படிக்கும் பிள்ளை இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில், முல்லைத்தீவுக் குடும்பங்கள் சிலவற்றின் பெயர், காணி விவரங்களை மூத்தவர்கள் சொல்லச் சொல்ல வவுனியாவில் எங்கள் மத்ரஸாக் கணனியில் பதிந்திருந்தோம். ஒருநாள் மஃரிபுக்குப் பின் அவற்றை வேறு வட்டுக்குப் பிரதி எடுக்கக் கட்டளை கொடுத்தேன். அடுத்த கட்டளைக்குத் திரை உடனே தயாரானது. முடிந்துவிட்டது என்று கணனியை நிறுத்தினேன். மறுநாள் பழைய வட்டை அழித்தும் விட்டேன். பாதிதான் பிரதியாகியிருந்தது.

கட்டளையின் கடைசியில் 'அன்ட்' குறி போட்டிருந்தேனாம். போட்டால் வேலை பின்னால் ஓடும், திரை காத்திருக்காது. மகன்தான் விளக்கினான்.

மஃப்கூத் பாடத்தில், காணாமற்போனவரிடமிருந்து செய்தி வராததை மட்டும் வைத்து மரணம் என்று தீர்ப்பதில்லை என ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். திரை சும்மா இருந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்!

எங்கள் கணனியில் இருப்பது லினக்ஸ், யுனிக்ஸ் வகை. அதில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. தொடக்கி வைத்தது தாய், தொடங்கப்பட்டது பிள்ளை. தாய் 'வெயிட்' என்றால், பிள்ளை முடியும்வரை காத்திருந்து எப்படி முடிந்தது என்பதையும் கேட்டு வாங்கும். 0 என்றால் நலம், வேறு எண் என்றால் கோளாறு. முடிந்த பிள்ளையைத் தாய் விசாரிக்காவிட்டால் அதன் பெயர் பட்டியலிலேயே கிடக்கும். அதற்கு 'சோம்பி', அதாவது நடைப்பிணம் என்று பெயர். தாய் முந்திப் போனால் பிள்ளை யதீம், பெரும்பாலும் 1ஆம் எண் வேலை பொறுப்பேற்கும். (ஃபிக்ஹில் தகப்பனை இழந்த பிள்ளையே யதீம். கணனியில் தாய்தான் கணக்கு.)

தான் பெறாத பிள்ளையைப் பார்க்க, 'கில்' கட்டளையில் 0 சேர்த்து அதன் எண்ணைக் கொடுப்பார்கள். பெயர்தான் கொலை, ஒன்றையும் தொடாது. இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஆனால் முடிந்த வேலையின் எண் பின்னர் வேறொன்றுக்குப் போகும். விலகிய மாணவனின் இடாப்பு இலக்கத்தைப் புதியவனுக்குக் கொடுத்தால், கூப்பிட்டதும் அவன் 'ஹாழிர்' என்பானே, அப்படி. அதனால் 2019இல் லினக்ஸ் 5.3 பதிப்பில், எண்ணை நம்பாமல் அந்த வேலையையே பிடித்துக்கொண்டு பார்க்கும் வழி வந்தது.

என் வேலைக்கு 'வெயிட்' போதுமாயிருந்தது. புத்தளத்துக்குப் போய் மறுபடி கேட்டு எழுதி வருகிறோம். முன்பு சொன்னவர்களில் இருவர் வஃபாத்தாகிவிட்டார்கள். அவர்களுடைய காணி எல்லைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை.