பிறகு என்ன ஆனார்கள்?

2007 ஜூலை 21. ஹேரி பாட்டர் தொடரின் ஏழாவது, இறுதி நூல் உலகெங்கும் விற்பனைக்கு வந்த நாள். நம் நாட்டில் அப்போது ஒரு வேடிக்கையும் நடந்தது. 109 ரிங்கிட் 90 சென் விலையுள்ள அந்நூலைப் பேரங்காடிகள் 69 ரிங்கிட் 90 சென்னுக்கு விற்க முன்வந்தன. சினமுற்ற பெரிய புத்தகக் கடைகள் நூலையே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. மாணவியாக இருந்த எனக்கு அந்தக் குறைந்த விலையும் எட்டாக்கனிதான். அறைத்தோழியிடம் இரவல் வாங்கி, இரண்டே இரவில் படித்து முடித்தேன்.

முடித்ததும் விடுதியில் ஒரே விவாதம். போர் முடிந்து 19 ஆண்டுகளுக்குப் பின் நடப்பதாக வரும் கடைசி அத்தியாயம் பலருக்குப் பிடிக்கவில்லை. ரயில் நிலையத்தில் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். "பழைய படத்தில் 'சுபம்' போட்ட மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. "அத்தனை பேர் செத்தார்களே, அந்தத் துயரம் எங்கே போச்சு?" என்றாள் இன்னொருத்தி. நியாயமான கேள்வி. ஆனாலும் நான் அந்த அத்தியாயத்தின் பக்கமே நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

காரணம், நான் வளர்ந்த இடம். நெகிரி செம்பிலான், ரந்தாவ் வட்டாரத்தில் ஒரு தோட்டம். நான் ஆறாம் ஆண்டு படித்த 1998இல் நிலம் கைமாறியது. லயத்து வாசலுக்கு லாரி வந்தது. ஒவ்வொரு குடும்பமாக ஏறிப் போனது. சிலர் சிரம்பான் அடுக்குமாடி வீடுகளுக்கு, சிலர் நீலாய்த் தொழிற்சாலைப் பக்கம், சிலர் சொல்லாமல் கொள்ளாமல். என்னோடு ஒரே மேசையில் அமர்ந்து படித்தவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் கதை பாதியில் கிழிந்த புத்தகம்.

அந்தக் கடைசி அத்தியாயத்தில் ஒரு சிறு செய்தி வருகிறது. போரில் தாயையும் தந்தையையும் இழந்த கைக்குழந்தை டெடி, இப்போது வளர்ந்த பிள்ளை. வாரத்தில் நான்கு நாள் ஹேரியின் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். அவ்வளவுதான். எங்கள் லயத்திலும் தாயில்லாத ஒரு பையன் இருந்தான். எந்த வீட்டில் உலை கொதித்தாலும் அவனுக்கும் ஒரு மங்கு சோறு உண்டு. துயரம் எங்கே போயிற்று என்று கேட்ட தோழிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அந்தச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, பார்.

பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்பது சிறுபிள்ளைத்தனமா? கல்கி அப்படி நினைக்கவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' திடீரென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைபட்டபோது, அவர் முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொன்னார். விக்கிரமன் அக்கதையைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். நெடுந்தூரம் கூட வந்த வாசகனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு.

ஹேரியின் கதைக் கணக்குப்படி அந்தப் போரும் 1998இல்தான் நடந்தது. 19 ஆண்டு கழிந்து 2017 வந்தபோது எங்களுக்கும் அதே 19 ஆண்டு நிறைந்தது. எந்த ரயில் நிலையத்திலும் நாங்கள் கூடவில்லை.

ஆகவே, தம்பி தங்கைகளே, ஒரு வேண்டுகோள். உங்களில் பலருடைய தாத்தா பாட்டி லாபுவிலோ, பகாவிலோ, போர்ட்டிக்சனிலோ பால்மரம் சீவியவர்கள். தோட்டத்து மக்கள் போன பின்னும் பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகளை நீங்கள் அறிவீர்கள். அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு மாலை உட்காருங்கள். லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை. பெயரும் ஊரும் போதும்.

நம் கடைசி அத்தியாயத்தை வேறு எவரும் வந்து எழுதித் தரப்போவதில்லை. நானும் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினொரு வீடுகள் கிடைத்திருக்கின்றன.