கற்பவரே பாடம் எடுக்கும் பயிலரங்கு

உளுந்து வடைக்கும் கைப்பிடி வைத்த கோப்பைக்கும் ஓட்டை ஒன்றுதான். களிமண்ணில் செய்தால், கிழிக்காமல் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடலாம். இத்தகைய ஒற்றுமைகளை இயற்கணிதத்தின் துணையுடன் ஆராய்வது இயற்கணித இடவியல்.

அத்துறையில் டக்ளஸ் ரேவனல் 1984ல் வெளியிட்ட ‘தொலைநோக்கி ஊகம்’ தவறு என 2023ல் நால்வர் நிறுவினர். அவர்களுள் இஷான் லீவை அப்போது எம்ஐடியில் முனைவர் பட்ட மாணவர். ஒரு மாணவர் அவ்வளவு தூரம் செல்லப் பாடநூல்கள் மட்டும் போதா. புதிய முடிவுகள் ஆய்வுக் கட்டுரைகளில் சிதறிக் கிடக்கின்றன.

அந்த இடைவெளியை நிரப்பவே அமெரிக்காவில் டால்பட் பயிலரங்கு உருவானது. ஆய்வு மாணவர்கள் ஒரு வாரம் சேர்ந்து தங்கி, சேர்ந்தே சமைக்கிறார்கள். பேராசிரியர் ஓரிருவர் வழிகாட்ட, பெரும்பாலான உரைகளை மாணவர்களே ஆற்றுகிறார்கள். தமக்கே புதிதான ஒன்றை விளக்க எழுந்து நிற்பவரால், புரிந்ததுபோல் தலையாட்டித் தப்ப முடியாது. அரங்கில் கேட்கக் கூசிய கேள்வியும் வெங்காயம் நறுக்கும்போது வந்துவிடும்.

துணைப்பாட வகுப்பில் குறிப்பெடுத்தே பழகிய நம் இளையர்களுக்கு இது கடினம்தான். ஆனால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் கழகத்துக்குப் பன்னாட்டு அறிஞர்கள் வந்துபோகிறார்கள். அவர்களுள் ஒருவரை ஒரு வாரம் கேட்பவராக அமரவைத்து, கரும்பலகையை இளநிலை மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம்.